மாநிறம்: ஒரு சொல்லின் வரலாறு

சொற்களுக்கும் வாழ்வும் தாழ்வும் உண்டு. ஒரு காலத்தில் நறுமணத்தைச் சுட்டிய ‘நாற்றம்’ இன்று மூக்கைப் பொத்தச் செய்யும் சொல்லாயிற்று. அன்பின் முதிர்ச்சியைச் சுட்டிய ‘காமம்’ அவையில் சொல்லக் கூசும் சொல்லாயிற்று. இவற்றின் வீழ்ச்சி வெளிப்படையானது. மொழிநூலார் இதற்கு ‘இழிபொருட்பேறு’ என்று பெயரிட்டு மாணவர்க்குக் கற்பிப்பர். ஆனால் ஓசையின்றித் தாழ்ந்த சொற்களும் உண்டு. அவற்றின் அகராதிப் பொருள் பெரிதும் மாறியிராது. சொல்லுகின்றவரின் குரல் மட்டும் மாறியிருக்கும். ‘மாநிறம்’ என்னும் சொல் அத்தகையது.

திருநின்றவூர் ஆயினும் திருநெல்வேலி ஆயினும், பெண் பார்க்கும் பேச்சு எழும் வீட்டுத் திண்ணையில் இச்சொல்லைக் கேட்கலாம். பெண் சிவப்பாயின் ‘சிவப்பு’ என்று ஒரே சொல்லில் பெருமிதத்தோடு முடித்துவிடுவர். மாநிறமாயின் சொல் அவ்வாறு தனித்து நிற்பதில்லை. ‘மாநிறந்தான்’ என்று ஓர் இடைச்சொல் வந்து ஒட்டிக்கொள்கிறது. அதனைத் தொடர்ந்து ‘ஆனால் களையான முகம்’ என்று ஓர் ஆறுதலும் வருகிறது. ‘தான்’ என்னும் இடைச்சொல் தேற்றப் பொருளில் வருவதாக இலக்கணம் கூறும். இங்கே அது தேற்றம் அன்று, மன்னிப்பு. குற்றம் எதனையும் செய்யாத ஒருத்திக்காக அவளைப் பெற்றவர்களே கேட்கும் மன்னிப்பு. இந்த மன்னிப்பு எப்போது நுழைந்தது, அதற்கு முன் இச்சொல் எவ்வாறு வாழ்ந்தது என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள்.

ஓரெழுத்து ஒருமொழி

தமிழில் ஓரெழுத்தே சொல்லாகி நிற்கும் மொழிகள் 42 என்பது நன்னூலார் கணக்கு. அவற்றுள் பொருள்வளம் மிக்கவற்றுள் ஒன்று ‘மா’. மாமரம், விலங்கு, குதிரை, வண்டு, பெருமை, கருமை, அழகு, அரிசி முதலியவற்றின் மாவு, இருபதில் ஒரு பங்காகிய பின்ன அளவு, திருமகள் எனப் பல பொருள்களை நிகண்டுகளும் அகராதிகளும் இவ்வோர் எழுத்தின்மேல் ஏற்றுகின்றன. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி, இப்பொருள்களைப் பிறப்பு வேறுபாடு கருதித் தனித்தனிச் சொற்களாகப் பிரித்துக் காட்டுகிறது.

இவற்றுள் திருமகள் என்னும் பொருள் திருநின்றவூர்க்கு உரியதொரு பொருத்தம் உடையது. மாதவன் என்னும் திருமால் பெயரை ‘மாவின் கணவன்’ என்று விரித்துரைப்பது மரபு. அந்த மா, அதாவது திரு, வந்து நின்ற தலமாதலின் இவ்வூர் திருநின்றவூர் ஆயிற்று என்பது தலபுராணச் செய்தி. 108 திவ்வியதேசங்களுள் ஒன்றாகிய இங்குள்ள கோயிலில் பெருமாளுக்குப் பக்தவத்சலன் என்பது திருநாமம். தாயாருக்கு ‘என்னைப் பெற்ற தாயார்’ என்பது திருநாமம். பெருமாள் கருமேக நிறத்தினர், தாயார் பொன் நிறத்தினர் என்பது வைணவ மரபின் பொதுக் காட்சி. இருவரையும் ஒரே கோயிலில் கண்டு கைகூப்பும் அடியார் எவரும் கருமைக்காகப் பெருமாள்மேல் இரக்கம் கொள்வதில்லை. கடல்வண்ணன் என்றும் கார்வண்ணன் என்றும் ஆழ்வார்கள் நெஞ்சுருகி அழைத்ததெல்லாம் அந்தக் கருமையைத்தான்.

மாநிறம் என்பதில் உள்ள ‘மா’ இப்பொருள்களுள் எது? பெருமைப் பொருள் இங்குப் பொருந்தாது. அரிசி மாவின் நிறம் என்று கொள்வார் சொல்வது சொல்லின் நேர்பொருளுக்கே மாறானது; அரிசி மாவு வெண்மையானது. எஞ்சி நிற்பவை இரண்டு: கருமை, மாமரம். திராவிட மொழிகளின் ஒப்பியல் சொற்பிறப்பகராதியை 1961-இல் வெளியிட்ட பர்ரோவும் எமனோவும் போன்ற மொழிநூலார், மாமை, மால், மாயோன் முதலிய சொற்களைக் கருமைப் பொருளுடைய வேரோடு இணைத்துக் காட்டுவர். உரையாசிரியர்களோ மாமையை மாந்தளிரின் நிறமாகக் காட்டுவர். வேர் கருமையாகவும், அந்த வேரில் கிளைத்த சொல் கண்முன் காட்டும் உருவம் மாந்தளிராகவும் இருப்பதில் முரண் ஏதும் இல்லை. வேர் மண்ணுக்குள் இருக்கும். தளிர் வெளியில் இருக்கும்.

மாயோனும் மாயோளும்

தொல்காப்பியம் முல்லை நிலத்துக்கு உரிய தெய்வமாக மாயோனைக் கூறுகிறது. மாயோன் என்பது கருநிறம் உடையவன் எனப் பொருள்படும். இதன் பெண்பாற் சொல் ‘மாயோள்’. சங்கப் பாடல்களில் இச்சொல் தெய்வத்தை விட்டு இறங்கி வந்து, ஊரில் வாழும் இளம்பெண்ணைச் சுட்டுகிறது. குறுந்தொகையின் 9-ஆம் பாடலில் தோழி தன் தலைவியை இச்சொல்லாற் சுட்டிப் பெருமிதம் கொள்கிறாள். தெய்வத்துக்கும் தலைவிக்கும் ஒரே நிறச்சொல் வழங்கியது என்பது எளிதாகக் கடந்து செல்லத்தக்க செய்தி அன்று. நிறத்தில் உயர்வு தாழ்வு கருதிய சமுதாயம், தான் வணங்கும் தெய்வத்தின் நிறச்சொல்லைப் பெண்ணின் அழகுக்கும் உரியதாக்கியிருக்காது.

மாயோளின் மேனி நிறம் மாமை. பெண்மையின் முழு அழகு விளங்கும் இடத்திலும், அவ்வழகு பிரிவினால் அழியும் இடத்திலும் இச்சொல் வருகிறது. குறுந்தொகையின் 27-ஆம் பாடலில் வெள்ளிவீதியார் காட்டும் உவமை பலரும் அறிந்தது. நல்ல பசுவின் இனிய பால் கன்றுக்கும் பயன்படாமல், கறக்கும் கலத்திலும் விழாமல் தரையில் சிந்தி வீணாவதுபோல், தனக்கும் பயனின்றித் தலைவனுக்கும் இன்பமின்றித் தன் மாமை அழகைப் பசலை உண்ணுகிறது என்று தலைவி வருந்துகிறாள். அவள் இழக்க அஞ்சும் செல்வம் மாநிறம் என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

திருக்குறளும் இம்மரபை வழுவாது காக்கிறது. 1107-ஆம் குறளில், தன் இல்லத்தில் இருந்துகொண்டு தன் பங்கைப் பகுத்து உண்ணும் நிறைவோடு தலைவியின் தழுவல் ஒப்பிடப்படுகிறது. அக்குறளில் அவளைச் சுட்டும் அடைமொழியில் உள்ள ‘மா’ என்பதற்கு மாமை நிறம் என்றே பரிமேலழகர் உரை வகுக்கிறார். சொந்த வீடு, சொந்த உழைப்பு, பகுத்துண்ணும் அறம், மாநிறப் பெண் ஆகிய யாவும் ஒரே வரிசையில் நிற்கின்றன.

தளிரும் தண்டும்

மாமையை விளக்கப் புலவர்களும் உரையாசிரியர்களும் எடுத்துக்கொண்ட பொருள்கள் இரண்டு. ஒன்று மாந்தளிர், மற்றொன்று நார் உரித்த ஆம்பல் தண்டு.

மாமரம் துளிர்க்கும் பருவத்தில் திருவள்ளூர் வட்டாரத்துத் தோப்பு ஒன்றில் சற்று நின்று பார்ப்பவர் மாமை இன்னதென எளிதில் உணர்வர். முற்றிய இலைகள் கரும்பச்சையாக இருக்க, கிளை நுனிகளில் மட்டும் செம்பும் பழுப்பும் கலந்த மென்மையான இலைகள் தொங்கும். அவற்றின்மேல் எண்ணெய் தடவியதுபோல் ஒரு மினுமினுப்பு இருக்கும். அது கறுப்பும் அன்று; சிவப்பும் அன்று; வெறும் பழுப்பும் அன்று. உலர்ந்த சருகும் பழுப்புத்தான். ஆயினும் எவரும் சருகை மாமைக்கு உவமை கூறவில்லை. ஆகவே மாமை என்பது நிறத்தின் பெயர் மட்டும் அன்று. உயிர்ப்புடைய நிறத்தின் பெயர். தளிர்ப்பு, ஒளி, மென்மை ஆகிய மூன்றும் அதனுள் அடங்கும்.

ஆம்பல் தண்டு இதனை மேலும் உறுதிப்படுத்துகிறது. நற்றிணையின் 6-ஆம் பாடலில் பரணர், நீரில் வளர்ந்த ஆம்பலின் உள்துளை உடைய தண்டை நார் உரித்தாற் போன்றது தலைவியின் மாமை என்கிறார். ஐங்குறுநூற்றின் 35-ஆம் பாடலில் தலைவி, பொய்கை ஆம்பலின் நார் உரித்த மெல்லிய தண்டினும் ஒளியுடையதாக முன்னர் இருந்த தன் மாமை இப்போது பசந்துவிட்டது என்கிறாள். ஏரிகளும் குளங்களும் நிறைந்த தொண்டை நாட்டில் ஆம்பல் தண்டை ஒடித்து நார் உரித்து மாலையாக்கிக் கழுத்தில் அணிந்து விளையாடுவது சிறுவர்க்கு இயல்பு. அந்தத் தண்டின் ஈரமும் வழவழப்பும் கைக்குத் தெரியும். புலவர் கண்ணால் கண்ட நிறத்தைக் கையாலும் தொட்டுப் பார்த்தே உவமை கூறினர் எனல் பொருந்தும்.

பொன்னிறம் நோயாக இருந்த காலம்

மாமைக்கு மறுதலையாகச் சங்க இலக்கியம் வைத்த நிறம் கருமை அன்று. பசலை என்னும் வெளிறிய பொன்னிறமே அதன் மறுதலை. தலைவன் பிரிந்தபோது தலைவியின் மேனியில் படரும் நிறமாற்றம் இது. பீர்க்கம்பூவின் மஞ்சளோடும் பொன்னோடும் புலவர்கள் இதனை ஒப்பிட்டனர். திருவள்ளுவர் ‘பசப்புறு பருவரல்’ என ஓர் அதிகாரத்தையே இதற்கென அமைத்தார்.

இன்றைய கண்ணுக்கு வியப்பூட்டும் செய்தி இதுவே. மாநிறமான பெண்ணின் மேனி வெளுத்துப் பொன்னிறம் பெறுதல் அன்று துன்பத்தின் அடையாளம். தாய் கண்டால் கலங்குவாள். ஊரார் கண்டால் அலர் தூற்றுவர். தலைவன் திரும்பி வந்து அணைத்தபின் பசலை நீங்கி மாமை மீள்வதே நலம். இற்றை நாளில் பணம் கொடுத்துப் பெற விரும்பும் வெளிறிய மேனியை, அன்றைய தலைவி நோய் என்று கருதி அழுதாள்.

ஆயினும் பழைய இலக்கியம் முழுவதும் ஒரே குரலில் பேசியது எனக் கூறுதல் உண்மையாகாது. பொன்மேனியைப் போற்றும் இடங்களும் உள்ளன; பிற்காலக் காப்பியங்களிலும் சிற்றிலக்கியங்களிலும் அவை பெருகுகின்றன. திருமகளின் பொன்னிறமும் போற்றுதற்கு உரியதாகவே இருந்தது. எனவே வேறுபாடு ஒன்றே: பொன்னிறத்தை உயர்த்துவதற்காக மாமையைத் தாழ்த்த வேண்டிய தேவை அன்று இல்லை.

பழுப்பின் பல பெயர்கள்

பழுப்பு நிறத்துக்குத் தனிப்பெயர் அமைவது மொழிகளில் சற்றுக் காலம் தாழ்ந்தே நிகழும் என்பது 1969-இல் பெர்லின், கே என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் வெளியிட்ட ஆய்வின் முடிவு. கருமையும் வெண்மையும் முதலில் பெயர் பெறும், பின்னர்ச் செம்மை, அதன்பின் பசுமையும் மஞ்சளும், பின்னர் நீலம், அதற்கும் பின்னரே பழுப்பு என்பது அவர்கள் கண்ட வரிசை. அவ்வரிசை பற்றிக் கருத்து வேறுபாடுகள் எழுந்தன. எனினும், பழுப்பு நிறத்தைப் பல மொழிகள் ஏதேனும் ஒரு பொருளைக் கொண்டே சுட்டுகின்றன என்பதில் ஐயம் இல்லை. சப்பானியர் தேயிலை நிறம் என்பர். துருக்கியர் காப்பி நிறம் என்பர். பிரெஞ்சு மொழியில் ஒரு கொட்டையின் பெயரே நிறத்தின் பெயரும் ஆகும்.

தமிழர் இவ்வகையில் வளமுடையவர். பழுத்து முதிர்ந்த இலையைக் கொண்டு ‘பழுப்பு’ என்றனர். பசுவின் மங்கிய செந்நிறத்தைக் ‘குரால்’ என்றனர். வடமொழி வழக்கில் அதுவே ‘கபிலை’ ஆயிற்று. துவர்ப்புடைய சாயத்தில் தோய்ந்த ஆடையைத் ‘துவராடை’ என்றனர். துறவியின் உடைக்குக் ‘காவி’, முத்திரையிடும் மெழுகுக்கு ‘அரக்கு’, உழவரின் காளைக்குச் ‘செவலை’, தோட்டத்தில் கூட்டமாகக் கத்தித் திரியும் பறவைக்குத் ‘தவிட்டுக்குருவி’ எனத் தொழிலுக்கும் பொருளுக்கும் ஏற்பப் பெயர் வேறுபட்டது. பிற்காலத்தில் ‘காக்கி’ வந்து சேர்ந்தது. புழுதி என்று பொருள்படும் பாரசீகச் சொல் அது. படைவீரர் உடையோடு நாடெங்கும் பரவியது. திருநின்றவூர்க்கு அண்மையில் உள்ள ஆவடியில் படைத்துறைக்கு உடை தைக்கும் தொழிற்சாலை அமைந்தமையால், இவ்வட்டார மக்களுக்கு இச்சொல் அன்றாடச் சொல்லும் ஆயிற்று.

இத்தனை சொற்கள் இருந்தும் மனித மேனிக்கு இவற்றுள் ஒன்றனையும் தமிழர் வழங்கவில்லை. பசுவைக் குரால் என்றவர் பெண்ணைக் குரால் என்னவில்லை; இலையைப் பழுப்பு என்றவர் மனிதனைப் பழுப்பு என்னவில்லை. மேனிக்கு என்று மாமை தனியே காக்கப்பெற்றது. ‘பழுப்பு மனிதன்’ என்னும் இன்றைய தொடர் ஆங்கிலத்திலிருந்து பெயர்த்தெடுத்தது. காதுக்கு அது இன்னும் அயலாகவே ஒலிப்பதற்குக் காரணம் இதுவே.

சொல் தாழ்ந்த விதம்

மாமை என்னும் சொல் பேச்சு வழக்கிலிருந்து மறைய, மாநிறம் அதன் இடத்தைப் பெற்றது. சொல்லின் முதல் எழுத்தும் பொருளின் உட்கருவும் தப்பின, மதிப்புத் தப்பவில்லை. ‘சிவப்பு’, ‘கறுப்பு’ என இரு முனைகள் உருவாகி, இரண்டுக்கும் நடுவே மாநிறம் ஒரு படியாக அமைந்தது. முன்னர்த் தன்னளவில் முழுமையாக நின்ற நிறம், பின்னர்ச் சிவப்புக்கு ஒரு படி கீழாகவும் கறுப்புக்கு ஒரு படி மேலாகவும் அளக்கப்பட்டது. அளவுகோலில் நடுப்புள்ளி ஆன எந்தப் பொருளும் அழகாக இருக்க முடியாது. போதுமானதாக மட்டுமே இருக்க முடியும்.

இம்மாற்றத்துக்கு ஒற்றைக் காரணம் கூறுதல் அரிது. வெயிலில் உழைப்போர், நிழலில் அமர்வோர் என்னும் பிரிவு பழமையானது. வெளிறிய மேனியர் நாட்டை ஆண்ட நூற்றாண்டுகளில் நிறமும் அதிகாரமும் ஒன்றாகத் தோன்றின. அச்சும் விளம்பரமும் வந்தபின் அந்த எண்ணம் வீடுதோறும் சென்றது. திருமண விளம்பரங்களில் ஆங்கிலம் வழியாகக் ‘கோதுமை நிறம்’ என்னும் தொடர் நுழைந்தது. நெல் விளையும் நாட்டில், சோறுண்டு வளர்ந்த பெண்ணின் நிறம் வடபுலத்துத் தானியத்தைக் கொண்டு கூறப்பட்டது. முற்றத்து மாமரத்தின் தளிர் கண்ணில் படவில்லை.

1975-இல் மேனியைச் சிவப்பாக்கும் என்று விளம்பரம் செய்யப்பெற்ற பசை ஒன்று இந்தியச் சந்தைக்கு வந்தது. தொலைக்காட்சி பரவியபின், மாநிறப் பெண் வேலை கிடைக்காமலும் மணம் கூடாமலும் வருந்துவதும், நிறம் மாறியவுடன் இரண்டும் கைகூடுவதும் கதைகளாகக் காட்டப்பெற்றன. அதே 1975-இல் அமெரிக்க மருத்துவர் பிட்ஸ்பாட்ரிக், கதிர்வீச்சை மேனி தாங்கும் தன்மையை அளக்க ஒரு தோல்வகைப் பகுப்பை வகுத்தார். அதில் முதலில் வெள்ளைத் தோலின் வகைகளே இடம்பெற்றன. பழுப்பும் கறுப்பும் பின்னரே சேர்க்கப்பெற்றன. ஒருபுறம் மாநிறம் போக்கத்தக்க குறையாயிற்று. மறுபுறம் அது கணக்கில் வாராத ஒன்றாயிற்று.

எதிர்ப்பும் எழுந்தது. சென்னையைச் சார்ந்த ‘விமன் ஆப் வொர்த்’ என்னும் அமைப்பு 2009-இல் ‘கருமையே அழகு’ என்னும் பொருள்பட ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. 2020-இல் உலகெங்கும் நிறவேற்றுமைக்கு எதிரான குரல் ஓங்கியபோது, அந்தப் பசையின் பெயரிலிருந்து சிவந்த நிறத்தைக் குறித்த சொல் நீக்கப்பட்டது. திருமண இணையதளம் ஒன்று தோல் நிறத்தைக் கொண்டு தேடும் வசதியை நீக்கியது. பெயர் மாறியது, பசை மாறவில்லை என்று திறனாய்வாளர் கூறியதிலும் உண்மை உண்டு.

இலையும் தோலும்

மாந்தளிர் ஏன் பழுப்பாக இருக்கிறது என்பதற்குத் தாவரவியலார் கூறும் விளக்கம் இங்கு எண்ணத்தக்கது. இளந்தளிரில் பச்சையம் முழுமையாக உருவாகியிராது; ஆந்தோசயனின் என்னும் செந்நிறப் பொருள் நிறைந்திருக்கும். கடும் வெயில் மெல்லிய இலையைத் தாக்காதவாறு அது தடுக்கிறது. இலை முற்றி வலுப்பெற்றபின் அந்நிறம் மறைந்து பசுமை ஏறுகிறது. மனிதத் தோலில் இதே பணியைச் செய்வது மெலனின் என்னும் நிறமி. வெயிலின் புறஊதாக் கதிர்களைத் தான் ஏற்று உட்புற உயிரணுக்களைக் காப்பது அதன் தொழில். வெயில் மிகுந்த நாடுகளில் வழிவழியாக வாழ்ந்த மக்களுக்கு அது மிகுதியாக அமைந்தது.

மாந்தளிரின் பழுப்பும் மாநிறமும் வெவ்வேறு பொருள்களால் ஆனவை. ஆயினும் இரண்டும் வெயிலுக்கு எதிரான கவசங்கள். பழம்புலவர் இவ்வேதியியலை அறியார். கண்டதும் ஒப்புமை கூறியதும் மட்டுமே அவர்கள் செய்தவை. ஆனால் அவர்கள் தேர்ந்த உவமை நிறத்தோடு நில்லாமல் தொழிலுக்கும் பொருந்துகிறது. மாநிறத்தைக் குறை என்பவர், வெயில் நாட்டில் குடையைக் குறை என்பவர் ஆவர்.

சொல்லின் மீட்சி

இன்றும் மாநிறம் என்னும் சொல் ‘தான்’ இன்றித் தலைநிமிர்ந்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. காவல் நிலையச் சுவரிலும் இருப்புப்பாதை நிலையத்தின் தூணிலும் ஒட்டப்பெறும் ‘காணவில்லை’ அறிவிப்புகளே அவ்விடம். பெயர், வயது, உயரம், உடுத்தியிருந்த உடை, ‘நிறம்: மாநிறம்’. அங்கே அச்சொல்லுக்குப் பெருமையும் இல்லை, வெட்கமும் இல்லை. தொலைந்த ஒருவரை வீட்டுக்கு அழைத்துவர அது உதவினாற் போதும். மகளைத் தேடும் தாய்க்கு அந்நிறமே உலகில் வேண்டப்படும் ஒரே நிறம். மணப்பேச்சில் மன்னிப்புக் கேட்ட அதே நா, தேடும்போது அச்சொல்லைக் கண்ணீரோடும் உரிமையோடும் உச்சரிக்கிறது.

திருநின்றவூரில் வாழ்ந்த பூசலார் நாயனார் பொருள் தேடிக் கிடைக்காமையால் மனத்தினுள்ளே சிவனுக்குக் கோயில் எடுத்தார் என்றும், அதே நாளில் காஞ்சியில் பல்லவ மன்னன் கற்றளி எடுத்தான் என்றும், இறைவன் மனக்கோயிலுக்கு முதலிடம் தந்தார் என்றும் பெரியபுராணம் கூறுகிறது. கண்ணுக்குத் தெரிவதே மதிப்பு என்னும் எண்ணத்தை மறுக்கும் வரலாறு அது. ஆனால் மாநிறத்தின் வழக்கு இன்னும் எளியது. இங்கே கண்ணை மூட வேண்டியதில்லை. பழைய கண்ணோடு ஒருமுறை திறந்து பார்த்தாலே போதும்.

புதிய சொல் எதனையும் படைக்க வேண்டியதில்லை. சொல் அதே இடத்தில் இருக்கிறது. அதன் தலையில் மாவும் இருக்கிறது. வாலில் ஒட்டிய ‘தான்’ ஒன்றை மட்டும் நீக்கிவிட்டால், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் தோழி தன் தலைவியைச் சுட்டிய அதே பெருமிதத்தோடு, ஒரு தாய் தன் மகளை ‘மாநிறம்’ என்று கூறி, அவ்வளவோடு நிறுத்திக்கொள்ளலாம்.